கல்லூரி நூலகத்தின் மின்னூல்களைப் பயன்படுத்துவது எப்படி? நெல்லைச் சீமை மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பருவத் தேர்வு நெருங்கும்போது ஒரு பாடநூலின் மூன்று பிரதிகளுக்கு வகுப்பே காத்திருக்கும். அதே பொருளில் அதைவிடத் தெளிவாக எழுதப்பட்ட நூல்கள், கல்லூரி சந்தா கட்டி வைத்திருக்கும் மின்னூல் தொகுப்பில் யாரும் திறக்காமலே கிடக்கும். பாளையங்கோட்டையில் நூலகப் பணியில் இருப்பவன் என்ற முறையில் ஒவ்வொரு பருவத்திலும் இதைப் பார்க்கிறேன். இது மாணவர்களின் குறையன்று. முதலாண்டு அறிமுக நிகழ்ச்சியில் திரையில் ஐந்து நிமிடம் காட்டுவதோடு பெரும்பாலான இடங்களில் விஷயம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு உட்காரவைத்துச் சொல்லித் தருவார் இல்லை.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-இல் தொடங்கப்பட்டது. வளாகம் அபிஷேகப்பட்டியில் இருந்தாலும், அதனுடன் இணைந்த கல்லூரிகள் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி என நான்கு மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன. வள்ளியூரிலிருந்தோ கடையத்திலிருந்தோ வரும் ஒரு மாணவி, கல்லூரி விட்டதும் நூலகத்தில் உட்கார்ந்து படிக்க முடியாது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மின்னூல் யாரையும்விட அவருக்குத்தான் அதிகம் தேவை. அவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதல் படி: உங்களுக்கு எந்த வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மின்னூல் தொகுப்புக்குள் நுழைய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கல்லூரி வளாகத்தின் இணைய இணைப்பு. கல்லூரியின் இணைப்புக்கு ஐ.பி. முகவரி என்ற எண் இருக்கிறது. சந்தா கட்டும்போது அந்த எண்ணைப் பதிப்பகத்திடம் கொடுத்துவிடுவார்கள். அந்த எண்ணிலிருந்து யார் வந்தாலும் தளம் கேள்வி கேட்காமல் உள்ளே விடும். இரண்டாவது, வீட்டிலிருந்தோ விடுதியிலிருந்தோ பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைவது.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வளாகத்துக்குள் நின்றுகொண்டிருந்தாலும், உங்கள் கைப்பேசி சொந்த சிம்மின் டேட்டாவில் ஓடினால் நீங்கள் வெளியில் இருப்பதாகத்தான் தளம் எடுத்துக்கொள்ளும். நூலக மேசையில் உட்கார்ந்தபடியே “சார், உள்ளே விட மாட்டேன் என்கிறது” என்று கேட்பவர்களில் பலரின் சிக்கல் இதுதான். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுக் கல்லூரியின் வைஃபையில் இணைந்து பாருங்கள். கைப்பேசியில் வி.பி.என். செயலி ஏதேனும் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். அது உங்கள் ஐ.பி. எண்ணை மாற்றிவிடும்.

எந்தத் தொகுப்புக்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கல்லூரிகளுக்காகவே நடத்தப்படும் பொதுத் திட்டம் என்-லிஸ்ட். பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் காந்திநகரில் இயங்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் இதை நடத்துகிறது. ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களும், பல பதிப்பகங்களின் மின்னூல்களும் இதன் வழியாகக் கிடைக்கின்றன. கல்லூரி உறுப்பினராக இருந்தால் மாணவர் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. பல்கலைக்கழகத் துறைகளில் படிப்பவர்களுக்கு ஏற்பாடு வேறு. அவர்கள் பல்கலைக்கழக நூலகத்தில்தான் கேட்க வேண்டும்.

2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்களை அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிடும் திட்டம் அது. நல்ல திட்டம். ஆனால் அது ஆய்விதழ்களுக்கானது. மின்னூலைத் தேடி அங்கே போனால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள்.

இரண்டாம் படி: உங்கள் பெயரில் கணக்கு

நூலகரிடம் நேரில் போய்க் கேளுங்கள். “எனக்கு என்-லிஸ்ட் கணக்கு வேண்டும், கூடவே நம் கல்லூரி வாங்கியிருக்கும் மின்னூல் தளங்களின் பட்டியலும் வேண்டும்” என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். அடையாள அட்டை, பதிவு எண், மின்னஞ்சல் முகவரி, கைப்பேசி எண் ஆகியவை போதும். மாணவர்களின் விவரங்களைக் கல்லூரியின் சார்பில் பொறுப்பில் இருப்பவர் பதிவேற்றுவார். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உங்கள் மின்னஞ்சலுக்கு வரும். வரவில்லையென்றால் முதலில் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள்.

மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். விண்ணப்பம் போட்டுக் கொடுத்த கணினி மையக்காரர் தொடங்கித் தந்த முகவரி, அண்ணனின் முகவரி என்று கொடுத்தவர்கள் பின்னால் கடவுச்சொல்லை மாற்ற முடியாமல் தவிக்கிறார்கள்.

பெயர் விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டுத் தளங்கள் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் வைத்திருக்கும். நமக்கு இருப்பதோ தலைப்பெழுத்து. கடைசிப்பெயர் கட்டத்தில் ஓரெழுத்தை மட்டும் போட்டால் சில தளங்கள் ஏற்காது. அப்பா அல்லது அம்மாவின் பெயரை முழுமையாக எழுதிவிடுங்கள். ஒரு தளத்தில் எப்படி எழுதினீர்களோ அப்படியே எல்லாத் தளங்களிலும் எழுதுங்கள். ஆய்வுப் படிப்புக்குப் போகிறவர்களுக்குக் கட்டுரை வெளியிடும் காலத்திலும் இது உதவும்.

மூன்றாம் படி: கூகுளிலிருந்து தொடங்காதீர்கள்

நூலின் பெயரைக் கூகுளில் போட்டுத் தேடினால் பதிப்பகத்தின் விற்பனைப் பக்கம் வந்து நிற்கும். ஒரு அத்தியாயத்துக்கே முப்பது டாலர் கேட்கும். அதைப் பார்த்ததும் இது நமக்கு இல்லை என்று மூடிவிடுகிறார்கள். அதே நூலுக்குக் கல்லூரி ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கக் கூடும். எனவே கல்லூரி நூலகத்தின் பக்கத்திலிருந்தோ என்-லிஸ்ட் பக்கத்திலிருந்தோ உள்நுழைந்து, அங்கிருந்து பதிப்பகத் தளத்துக்குப் போங்கள். அப்படிப் போகும்போதுதான் நீங்கள் யார் என்ற தகவல் கூடவே போகும்.

தப்பித்தவறி விற்பனைப் பக்கத்தில் போய் நின்றுவிட்டால் பணம் கட்டும் பொத்தானை விட்டுவிட்டு, ‘இன்ஸ்டிட்யூஷனல் லாகின்’ அல்லது ‘ஆக்சஸ் த்ரூ யுவர் இன்ஸ்டிட்யூஷன்’ என்ற இணைப்பைத் தேடுங்கள். அதில் கூட்டமைப்புகளின் பட்டியல் கேட்டால் ‘இன்ஃபெட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இது இன்ஃப்ளிப்நெட் நடத்தும் உள்நுழைவுக் கூட்டமைப்பு. அதன் கீழ் உங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரியின் பெயர் ஆங்கிலத்தில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பது குழப்பும். ‘செயின்ட்’ என்பது முழுச் சொல்லாகவும் இருக்கலாம், இரண்டெழுத்துச் சுருக்கமாகவும் இருக்கலாம். பெயர் கிடைக்கவில்லையென்றால் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

உள்ளே வந்துவிட்டீர்கள் என்பதற்கு அடையாளம், பக்கத்தின் மேலேயோ அடியிலேயோ உங்கள் கல்லூரியின் பெயர் தெரியும். அது தெரியாதவரை தேடலைத் தொடங்க வேண்டாம். உள்ளே வராமலே தேடிவிட்டு, எல்லாம் பூட்டிக் கிடக்கிறது என்று முடிவுகட்டுகிறவர்கள் அதிகம்.

நான்காம் படி: தேடுவது

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். கணக்கு வாங்குவது ஒரு நாள் வேலை. தேடப் பழகுவதற்கு ஒரு பருவம் ஆகும். ஆனால் பழகிவிட்டால் படிப்பு முழுதும் கைகொடுக்கும்.

ஒரு எடுத்துக்காட்டோடு போவோம். சேரன்மகாதேவியிலிருந்து வரும் முதுகலை வரலாற்று மாணவர் ஒருவர், தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனம் பற்றித் திட்டக் கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். கடைசியில் இருக்கும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஆங்கிலேயர் காலத்தது, மற்றவை அதற்கும் முந்தியவை. இவர் தேடல் கட்டத்தில் ‘தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தின் வரலாறு’ என்று முழு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் போடுகிறார். எதுவும் வருவதில்லை. ஏன்?

முதல் காரணம், எழுத்துக்கூட்டு. நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்து நூல்களிலும் ஆவணங்களிலும் திருநெல்வேலி ‘டின்னவெல்லி’தான். ஆற்றின் பெயரும் தாம்ரபர்ணி, தாமிரபரணி, தாம்பிரவர்ணி என்று பலவாறாக வரும். பாளையங்கோட்டை ‘பாலம்கோட்டா’ ஆகும், தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’ ஆகும். அமெரிக்க, ஐரோப்பிய நூலகங்கள் தமிழ் நூல்களின் பெயர்களை நெடிலுக்கு மேலே கோடு போட்ட ஆங்கில எழுத்துகளில் பதிவு செய்திருக்கும். எனவே தேடத் தொடங்குமுன் ஒரு தாளில் உங்கள் பொருளுக்கான பெயர்களை எல்லா எழுத்துக்கூட்டுகளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவற்றை அடைப்புக்குறிக்குள் ‘அல்லது’ என்று பொருள்படும் ‘ஆர்’ என்ற ஆங்கிலச் சொல்லால் இணைத்து ஒரே தேடலாகப் போடலாம். அந்தச் சொல்லைப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும். ‘திருநெல்வேலி ஆர் டின்னவெல்லி’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டு, வெளியே ‘அண்ட்’ போட்டுப் பாசனத்துக்கான ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தால் இரண்டு வகை நூல்களும் வந்துவிடும்.

பாசனத்துக்கான சொல்லையும் முழுதாக எழுத வேண்டாம். ‘இரிகேட்’ என்பதன் கடைசி எழுத்துக்கு முன்பே நிறுத்தி நட்சத்திரக் குறி போட்டால், பல தளங்களில் இரிகேட், இரிகேஷன், இரிகேட்டட் மூன்றும் ஒரே தேடலில் வரும். இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்தே வர வேண்டுமென்றால் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். தாமிரபரணியின் கால்வாய்களில் ஒன்றான ‘கன்னடியன் சானல்’ என்பதை மேற்கோளோடு தேடுவதற்கும் மேற்கோள் இல்லாமல் தேடுவதற்கும் வரும் விளைவுகளை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள், வேறுபாடு புரியும்.

இரண்டாவது காரணம், நூலின் தலைப்பில் மட்டும் தேடுவது. திருநெல்வேலிச் சீமையின் வேளாண் வரலாற்றைப் பற்றி டேவிட் லட்டன் எழுதிய முக்கியமான நூல் 1985-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகத்திலிருந்து வந்தது. ஆற்றுப்பாசனம் அதில் பெரும் பகுதி. ஆனால் தலைப்பு ‘பெசன்ட் ஹிஸ்டரி இன் சவுத் இந்தியா’. அதில் திருநெல்வேலி என்ற சொல்லே கிடையாது. பிற்பாடு இந்தியாவில் அதே நூல் வேறொரு தலைப்பில் மறுபதிப்பானது. தலைப்பில் மட்டும் ஊர்ப் பெயரைத் தேடுகிறவருக்கு இந்த நூல் கண்ணில் படவே படாது. எனவே தேடல் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘டைட்டில்’ என்று இருந்தால் அதை ‘ஃபுல் டெக்ஸ்ட்’ என்று மாற்றுங்கள். நூலின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியிலும் தேடும். அச்சு நூலில் செய்ய முடியாத வேலை இது. மின்னூலின் பெரிய பலமே இதுதான் என்பது என் கருத்து.

முழுப் பாடத்திலும் தேடினால் விளைவுகள் குவியுமே என்றால், குவியும். அப்போது இடப்பக்கம் இருக்கும் வடிகட்டிகளைப் பயன்படுத்துங்கள். துறை, ஆண்டு, மொழி என்று குறைத்துக்கொண்டே வரலாம். எல்லாவற்றுக்கும் முன்னதாகத் தேர்ந்தெடுக்க வேண்டியது, ‘எனக்கு அனுமதி உள்ளவை மட்டும்’ என்ற பொருளில் இருக்கும் கட்டம். அதை டிக் செய்யாமல் தேடினால் பூட்டிய நூல்களும் சேர்ந்து வந்து மனத்தைச் சோர்வாக்கும்.

ஒரு நல்ல நூல் கிடைத்ததும் அதன் விவரப் பக்கத்தில் இருக்கும் பொருள் தலைப்புகளைப் பாருங்கள். நூலகர்கள் பகுத்துக் கொடுத்த சொற்கள் அவை. அவற்றைச் சொடுக்கினால் அதே பொருளில் உள்ள மற்ற நூல்கள் வரும். நீங்களாக யோசித்துக் கண்டுபிடிக்க முடியாத சொற்கள் அதில் இருக்கும்.

ஐ.எஸ்.பி.என். எண்ணைப் போட்டுத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அச்சுப் பதிப்புக்கு ஒரு எண், மின்பதிப்புக்கு வேறொரு எண். அச்சு நூலின் பின்னட்டையில் இருக்கும் எண்ணைப் போட்டு, நூல் இல்லை என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். ஆசிரியர் பெயரும் தலைப்பின் இரண்டு சொற்களும் போட்டு மறுபடியும் தேடுங்கள்.

ஐந்தாம் படி: முழுதும் பதிவிறக்குமுன் உள்ளே பாருங்கள்

பொருளடக்கத்தைத் திறந்து எந்த அத்தியாயம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். நூலுக்குள் தேடும் வசதி இருந்தால் ‘கன்னடியன்’ என்று போட்டு, எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நமக்கு வேண்டியது ஒன்றிரண்டு அத்தியாயங்கள்தான். 1 ஜி.பி. டேட்டாவை நாள் முழுக்க வீட்டில் எல்லோரும் பங்குபோடும் இடத்தில் இந்தச் சிக்கனம் முக்கியம்.

சில நூல்கள் ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் படிக்கும் உரிமத்தில் வாங்கப்பட்டிருக்கும். சில மூன்று பேருக்கு. சில எத்தனை பேருக்கும். மின்னூலுக்கு ஏது வரிசை என்று மாணவர்கள் வியக்கிறார்கள். உரிமத்தின் விலை ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப ஏறும், கல்லூரி தன் நிதிக்கு ஏற்ப வாங்கும். ‘நூல் பயன்பாட்டில் உள்ளது’ என்ற செய்தி வந்தால் சிறிது நேரம் கழித்துப் பாருங்கள். அதைவிட முக்கியம், நீங்கள் படித்து முடித்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வெளியேறுங்கள். உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடப் போனால், இன்னொரு மாணவருக்கு அந்த நூல் அவ்வளவு நேரமும் மறுக்கப்படலாம்.

ஆறாம் படி: பதிவிறக்கம்

பதிப்பகத்தின் சொந்தத் தளங்களில் இது எளிது. ஸ்பிரிங்கர், கேம்பிரிட்ஜ் போன்றவற்றில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பக்கத்தில் பி.டி.எஃப். பொத்தான் இருக்கும். சொடுக்கினால் வந்துவிடும், காலாவதியும் ஆகாது.

பல பதிப்பகங்களின் நூல்களைத் திரட்டித் தரும் தளங்களில், புரோகுவெஸ்ட் ஈபுக் சென்ட்ரல் போன்றவற்றில், முறை வேறு. ஒரு நூலிலிருந்து இத்தனை பக்கங்கள்தான் பிரதி எடுக்கலாம், இத்தனை பக்கங்கள்தான் பி.டி.எஃப். ஆக எடுக்கலாம் என்ற வரம்பு நூலின் பக்கத்திலேயே காட்டப்படும். முழு நூல் வேண்டுமென்றால் ‘ஃபுல் டவுன்லோட்’ என்பதை அழுத்தி இரவல் நாட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அழுத்தியதும் சில கே.பி. அளவில் ஏ.சி.எஸ்.எம். என்று முடியும் சின்னக் கோப்பு ஒன்று இறங்கும். அதைத் திறக்க முயன்றுவிட்டு, கோப்பு கெட்டுவிட்டது என்று பலர் அழித்துவிடுகிறார்கள். அது நூல் அன்று, நூலைக் கொண்டுவரும் அனுமதிச் சீட்டு. அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, அடோபி கணக்கு ஒன்றை இலவசமாகத் தொடங்கி, அந்த மென்பொருளில் இந்தக் கோப்பைத் திறந்தால் நூல் தானாக இறங்கும். தவணை முடிந்ததும் நூல் திறக்காது. திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, அபராதமும் இல்லை. முன்பே படித்து முடித்துவிட்டால் நூலின் மேல் வலச்சொடுக்குச் செய்து ‘ரிட்டர்ன்’ கொடுத்துவிடுங்கள். அடுத்தவருக்கு உதவும்.

நூலகக் கணினியில் இதைச் செய்ய வேண்டாம். அடோபி கணக்கு அந்தக் கணினியோடு பிணைந்துவிடும். வீட்டுக்குப் போய்த் திறக்கும்போது தகராறு செய்யும்.

பி.டி.எஃப்., ஈபப் என்ற இரண்டு கோப்பு வடிவங்களும் கிடைத்தால் எதை எடுப்பது? கைப்பேசியில் படிப்பதானால் ஈபப். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரையின் அகலத்துக்குத் தாமாக மடங்கிக்கொள்ளும். அம்பாசமுத்திரம் பஸ்ஸின் குலுக்கலில் பி.டி.எஃப். பக்கத்தை இடதும் வலதுமாக இழுத்துப் படிப்பது கண்ணுக்குத் துன்பம். ஆனால் கட்டுரையில் மேற்கோள் காட்டுவதற்குப் பக்க எண் வேண்டும், அதற்கு பி.டி.எஃப்.தான் நம்பகமானது. பட்டியல்களும் சமன்பாடுகளும் நிறைந்த அறிவியல் நூல்களுக்கும் அதுவே நல்லது.

பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு ஈபப் பெரிய வரம். பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கான பள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கப்பட்டது. அங்கிருந்து கல்லூரிக்கு வருகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறோம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் உள்ள டாக்பேக், கணினிக்கான இலவச என்.வி.டி.ஏ. ஆகியவை ஈபப் நூலைத் தலைப்புவாரியாகத் தாண்டித் தாண்டி வாசித்துக் காட்டும். வெறும் படமாக ஸ்கேன் செய்யப்பட்ட பி.டி.எஃப். கோப்பை அவற்றால் அப்படி வாசிக்க முடியாது. அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக 2016-இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் இருக்கிறது. இத்தகையவர்களுக்காக ஒரு நூலை அவர்கள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவதை இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அனுமதிக்கிறது. எனவே நூலகரிடம் தயங்காமல் கேளுங்கள். அது சலுகை அன்று, உரிமை.

ஏழாம் படி: அள்ளிக் குவிக்காதீர்கள்

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. படிப்பு முடியப்போகிறதே என்ற பதற்றத்தில் சிலர் ஒரு தொகுப்பில் உள்ள நூல்களையெல்லாம் வரிசையாக இறக்குகிறார்கள். தானாகப் பதிவிறக்கும் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களும் உண்டு. பதிப்பகங்களின் கணினிகள் இதைக் கண்டுபிடித்துவிடும். அப்போது தடுக்கப்படுவது அந்த ஒருவரின் கணக்கோடு நிற்காது, கல்லூரியின் ஐ.பி. எண்ணே முடக்கப்படலாம். நாளை செய்முறைத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய மாணவி, தான் செய்யாத தவறுக்குப் பூட்டிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடவுச்சொல்லை வெளியாட்களுக்குக் கொடுப்பதும் இதே விளைவில்தான் முடியும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் உறவினருக்கு உதவ நினைப்பது நல்ல மனம்தான். அவர்களுக்குத் திறந்திருக்கும் வாசல்களைப் பின்னால் சொல்கிறேன், அவற்றைக் காட்டுங்கள்.

எட்டாம் படி: குறிப்பும் மேற்கோளும்

இறக்கிய கோப்புகள் எண்களும் கோடுகளுமான பெயரோடு வரும். உடனே ஆசிரியர், ஆண்டு, அத்தியாயம் என்று பெயர் மாற்றுங்கள். நூலின் விவரப் பக்கத்தில் டி.ஓ.ஐ. என்ற எண் இருந்தால் குறித்து வையுங்கள். 10 என்ற எண்ணில் தொடங்கும் அது, தளத்தின் முகவரி மாறினாலும் மாறாது. உலாவியின் மேலே தெரியும் நீண்ட முகவரியை மேற்கோளில் ஒட்டாதீர்கள். அது உங்கள் உள்நுழைவோடு பிணைந்தது, தேர்வாளர் திறந்தால் திறக்காது. ஜொட்டேரோ என்ற இலவச மென்பொருளில் விவரங்களைச் சேமித்தால் துணைநூற்பட்டியலை அதுவே அமைத்துத் தரும். ஆய்வு மாணவர்கள் முதல் மாதத்திலேயே பழகிக்கொள்ள வேண்டியது இது.

ஒன்பதாம் படி: தொகுப்பில் இல்லாதபோது

சந்தாத் தொகுப்புகள் பெரும்பாலும் ஆங்கில நூல்கள். தமிழ் இலக்கியம் படிப்பவர்களுக்கு அங்கே கிடைப்பது குறைவு. அவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்தான் முதல் இடம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள், பழைய அரிய பதிப்புகள், இதழ்கள் ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை ஸ்கேன் செய்த பக்கங்கள். உள்ளே சொல்லைத் தேட முடியாவிட்டால் சலிப்படையாமல் பொருளடக்கத்தைப் பாருங்கள். சொல்லைத் தேட வேண்டிய சங்க இலக்கியம் போன்றவற்றுக்கு மதுரைத் திட்டம் இருக்கிறது. 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிவரும் தொகுப்பு அது. எழுத்துகளாகவே இருப்பதால் தேட முடியும்.

காரக்பூர் ஐ.ஐ.டி. நடத்தும் தேசிய மின்னூலகத்தில் மின்னஞ்சல் மட்டும் கொடுத்து யாரும் உறுப்பினராகலாம். ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. நம் பல்கலைக்கழகத்தில் ஏற்கப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே இருக்கின்றன. உங்கள் தலைப்பில் முன்பே யாராவது ஆய்வு செய்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு முதலில் போக வேண்டிய இடம் அதுதான். அந்த ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலே உங்களுக்கு ஒரு வரைபடமாக உதவும். உலக அளவில் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்ட கல்விசார் நூல்களுக்குத் திறந்த அணுக்க நூல்களின் அடைவு என்ற பட்டியல் இருக்கிறது. ஆங்கிலத்தில் டி.ஓ.ஏ.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

பழைய நூல்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி மாவட்ட வரலாற்று நூல் பதிப்புரிமைக் காலம் கடந்தது, முழுதாகவே இறக்கிக்கொள்ளலாம். அங்கேயும் தேட வேண்டியது ‘டின்னவெல்லி’ என்றுதான். இந்தியாவில் ஒரு இலக்கியப் படைப்பின் பதிப்புரிமை, ஆசிரியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். அதற்கு உட்பட்ட புதிய நூல்கள் சிலவற்றை அங்கே ஒரு மணி நேர இரவலில் படிக்கலாம்.

திருட்டுத்தனமாக ஏற்றப்பட்ட நூல்களைத் தரும் தளங்களை நான் பரிந்துரைப்பதில்லை. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், பழைய பதிப்பையும் பாதிப் பக்கங்களையும் வைத்துப் படித்துத் தேர்வில் தடுமாறியவர்கள் உண்டு.

பத்தாம் படி: கேட்டு வாங்குங்கள்

மேலே சொன்ன எங்கேயும் இல்லையென்றால் நூலகத்தில் கொள்முதல் பரிந்துரைப் படிவம் இருக்கும். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, எந்தப் பாடத்துக்கு வேண்டும், எத்தனை மாணவர்களுக்குப் பயன்படும் என்று எழுதி, துறைத் தலைவரின் கையொப்பம் வாங்கிக் கொடுங்கள். கடைசி விவரம்தான் ஒருவர் உரிமமா பலர் உரிமமா என்று முடிவு செய்ய எங்களுக்கு உதவும். ‘பூட்டியிருக்கிறது’ என்று வந்த நூல்களின் பெயர்களையும் தேதியோடு எழுதிக் கொடுங்கள். சந்தாவைப் புதுப்பிக்கும்போது எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதற்கு மாணவர்கள் எழுதிக் கொடுத்த தாளைவிட நல்ல ஆதாரம் எங்களிடம் கிடையாது. நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. ஜனவரிக்குள் கொடுத்தால் அந்த ஆண்டின் பணத்திலேயே வாங்க வழியிருக்கும். ஏப்ரல் தேர்வுக்கான நூலை மார்ச் கடைசியில் வந்து கேட்டால் அடுத்த ஆண்டு மாணவர்களுக்குத்தான் கிடைக்கும்.